விடை நம்பத்தக்கதா? – விஞ்ஞான மாணவரும் நிரல்மொழியும்



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர், ஆண்டுக்கொருவர் வந்து தமக்குப் பழக்கமான ஒரு விஞ்ஞான விஷயத்தைத் தமிழில் எடுத்துரைக்க வேண்டும் என்று மட்டும் விதித்துவிட்டு, அந்த விஷயம் இன்னதென்று வரையறுக்காமல் பேச வருபவரின் விருப்பத்துக்கே விட்டுச் சென்றிருக்கிறார். அந்தச் சுதந்திரத்தை நம்பி, பௌதிகமும் இரசாயனமும் பயிலும் மாணவர்கள் என்னிடம் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்றையே இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். கணிப்பொறியைக் கொண்டு விஞ்ஞானக் கணக்குகள் போட விரும்பும் ஒருவர் எந்த நிரல்மொழியைக் கற்க வேண்டும், அதை எப்படிக் கற்க வேண்டும் என்பதே அந்தக் கேள்வி. அதன் முற்பாதியில்தான் எல்லாருக்கும் ஆவல். பிற்பாதியை யாரும் அழுத்திக் கேட்பதில்லை. என் அபிப்பிராயத்திலோ முற்பாதிக்கு ஐந்து நிமிஷங்களில் விடை சொல்லிவிடலாம். மிச்சமுள்ள நேரமெல்லாம் பிற்பாதிக்கே உரியது.

மொழிகள் தோன்றிய கதையிலிருந்து தொடங்குவது நல்லது. 1950-களின் தொடக்கத்தில் கணிப்பொறியிடம் வேலை வாங்க வேண்டுமென்றால், எந்த நினைவறையில் இருக்கும் எண்ணை எடுத்து எதனோடு கூட்டி எங்கே வைக்க வேண்டும் என்பதை அந்த யந்திரத்தின் குறியீடுகளிலேயே ஒவ்வொரு படியாக எழுதித் தர வேண்டும். இதற்கென்று அமர்த்தப்பட்டவர்களின் சம்பளச் செலவு, கோடிக்கணக்கில் விலைபெறும் யந்திரத்தின் செலவுக்கு ஈடாக நின்றது. யந்திரம் ஓடிய நேரத்திலும் காற்பங்கு முதல் அரைப்பங்கு வரை பிழை தேடுவதிலேயே கழிந்தது. இதைக் கண்ட ஜான் பேக்கஸ் என்பவர், 1953-ஆம் ஆண்டின் இறுதியில் தாம் பணிபுரிந்த ஐபிஎம் நிறுவனத்தின் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதி, இயற்கணிதச் சூத்திரத்தை ஏறக்குறைய அதன் உருவிலேயே எழுதித் தந்தால் அதை யந்திரக் குறியீடாக மாற்றிக்கொள்ளும் வேலையையும் யந்திரமே செய்யுமாறு ஒரு நிரல் அமைக்க அனுமதி கேட்டார். அனுமதி கிடைத்தது. படிகவியல் அறிஞர் ஒருவர், கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஓர் இளம்பெண், இரகசியக் குறியீடுகளில் தேர்ந்த ஒருவர் என்று பலதிறப்பட்டவர்கள் நியூயார்க்கில் ஒரு சிறு குழுவாகக் கூடினார்கள். எப்போது முடியும் என்று யார் கேட்டாலும் இன்னும் ஆறு மாதம் என்பதே அவர்களுடைய பதிலாக இருந்ததாம். முடிந்தது 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில். ஆறு மாதம் என்று சொல்லிச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் இத்தொழிலின் வழக்கத்துக்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியாது.

அப்படி ஐபிஎம் 704 என்ற யந்திரத்துக்காகப் பிறந்ததுதான் ஃபோர்ட்ரான். மனிதன் கையால் நுணுகி நுணுகி எழுதும் குறியீட்டுக்கு யந்திரம் தானே எழுதுவது ஒருநாளும் ஈடாகாது என்று ஏளனம் செய்தவர்கள், அது உருவாக்கித் தந்த குறியீட்டின் வேகத்தைக் கண்ட பிறகுதான் வாயடைத்தார்கள். புதிய மொழியின் வசதியைவிட இந்த வேகமே அதை நிலைநாட்டியது என்பது கவனிக்கத் தக்கது. கணக்குப் போடுகிறவனுக்கு அழகைக் காட்டிலும் வேகம் பிரியமானது.

அக்காலத்து ஃபோர்ட்ரான் நிரல் துளையிட்ட அட்டைகளில் வாழ்ந்தது. ஓர் அட்டைக்கு எண்பது பத்திகள். முதல் ஐந்து பத்திகளில் வாக்கியத்தின் எண். ஆறாவதில் பூஜ்யமல்லாத ஏதேனும் குறி துளைக்கப்பட்டிருந்தால் முந்தைய அட்டையின் தொடர்ச்சி. ஏழிலிருந்து எழுபத்திரண்டு வரை வாக்கியம். எஞ்சிய எட்டுப் பத்திகளில் வரிசை எண். கட்டு கைதவறி விழுந்து அட்டைகள் சிதறினால், அந்தக் கடைசி எட்டுப் பத்திகளே அடைக்கலம்.

அந்த மொழியின் ஒரு விசித்திரத்தை மட்டும் சற்றே அருகில் சென்று பார்ப்போம். ஃபோர்ட்ரான் சொற்களுக்கு நடுவேயுள்ள இடைவெளிகளைப் பொருட்படுத்தாது. 'டூ 10 ஐ = 1, 10' என்று எழுதினால், பத்தாம் எண்ணிட்ட வாக்கியம் வரை உள்ளவற்றை, ஐ என்னும் மாறிக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்புத் தந்து, திரும்பத் திரும்பச் செய் என்று பொருள். அதில் காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் தவறுதலாக ஒரு புள்ளி விழுந்துவிட்டால், 'டூ10ஐ' என்ற பெயருடைய ஒரு மாறிக்கு 1.10 என்னும் மதிப்பைத் தா என்று அதே வரி வேறு பொருள் கொண்டுவிடும். மாறிகளை முன்கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயமும் அம்மொழியில் இல்லாததால், யந்திரம் முணுமுணுப்பு ஏதுமின்றி ஏற்றுக்கொண்டு, பத்து முறை செய்ய வேண்டியதை ஒரே முறை செய்துவிட்டு மேலே போய்விடும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் மெர்க்குரித் திட்டத்தின் காலத்தில், விண்கலப் பாதைக் கணக்கு ஒன்றில் இவ்விதப் பிழை மெய்யாகவே புகுந்திருந்தது. 1962-இல் மாரினர் 1 விண்கலம் அழிந்ததற்கு இதுவே காரணமென்று பலர் எழுதியிருப்பது சரியன்று. அந்தக் கலத்தின் கதி வேறொரு பிழையால் நேர்ந்தது. மெர்க்குரிப் பிழையால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. காரணம், அந்த நிரல் தந்த விடைகளின் நுட்பம் தாம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லையே என்று ஒருவருக்கு ஐயம் எழுந்து, அவர் வரிவரியாகத் தேடியதுதான். யந்திரம் கண்டுபிடிக்கவில்லை, மொழியும் கண்டுபிடிக்கவில்லை. விடை எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே அறிந்திருந்த ஒரு மனிதர் கண்டுபிடித்தார். நான் இன்று சொல்ல வந்த விஷயம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. இனி அதை விரித்துச் சொல்வதே பாக்கி.

நம் நாட்டில் இந்த மொழியைப் பரப்பியவர்களில் ஒரு தமிழரை இங்கே நினைவுகூர்வது கடமை. ஈரோட்டில் பிறந்த வே. ராஜாராமன், 1963-இல் ஐபிஎம் 1620 யந்திரம் வந்திறங்கிய கான்பூர் ஐஐடியில் நிரல் எழுதக் கற்பித்தவர்; அவர் ஃபோர்ட்ரானைப் பற்றி எழுதிய பாடநூல்களைக் கொண்டுதான் இந்நாட்டுப் பொறியியல், விஞ்ஞான மாணவர்கள் பல தலைமுறைகளாக முதன்முதலில் நிரல் எழுதினார்கள். கணிப்பொறியைக் கண்ணால் காணாமலேயே அந்நூல்களை மனப்பாடம் செய்து தேர்வில் தேறியவர்களும் உண்டு என்பதை இந்த அவையில் மறைத்துப் பயனில்லை.

இன்று ஃபோர்ட்ரான் கற்கவேண்டும் என்று சொன்னால் மாணவர் சிரிக்கிறார். பைதான் என்கிறார், ஜூலியா என்கிறார். சிரிப்பதற்கு முன் அவர் தம் காலடியில் இருப்பது என்னவென்று பார்க்கலாம். 1970-களில் அமெரிக்கப் பேராசிரியர்கள் சிலர், நேரியற் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கென்று லின்பேக் என்னும் உபநிரல்களின் தொகுதியை ஃபோர்ட்ரானில் எழுதினார்கள். அவர்களில் ஒருவரான கிளீவ் மோலர், தம் மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதத் தெரியாமலேயே அவற்றைப் பயன்படுத்தட்டும் என்று கருதி, நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் ஆக்கிய எளிய கருவியே மாட்லாப். அதன் முதல் வடிவமும் ஃபோர்ட்ரானில்தான் எழுதப்பட்டது. லின்பேக்கின் வாரிசாக 1992-இல் லேபேக் வந்தது. பைதான் மொழியில் நம்பை என்னும் தொகுதியை வரவழைத்து ஓர் அணிச்சமன்பாட்டைத் தீர்க்கும் மாணவர் ஒரே ஒரு வரி எழுதுகிறார். அந்த வரியின் அடியில் உழைப்பவை அந்த லேபேக்கின் உபநிரல்களே. பருவக்காற்றையும் புயலையும் முன்னறியும் பெரிய நிரல்களிலும் மிகப்பல இன்றும் ஃபோர்ட்ரானிலேயே ஓடுகின்றன. ஆகவே எந்த மொழி என்று தேர்ந்தெடுப்பதில் நாம் நினைக்குமளவு வேற்றுமை இல்லை. எந்த வாசல் வழியாக உள்ளே போனாலும் மாணவர் சேருவது ஒரே கூடந்தான்.

அந்தக் கூடத்தில் அவர் முதலில் சந்திப்பது எண். பள்ளியிலிருந்து அவர் அறிந்த எண் வேறு, யந்திரத்துக்குள் இருக்கும் எண் வேறு. பத்தில் ஒரு பங்கு என்பதை நாம் 0.1 என்று முடித்துவிடுகிறோம். இரண்டின் அடுக்குகளில் எண்ணும் யந்திரத்துக்கோ அது முடிவில்லாமல் நீளும் பின்னம். எங்கேயோ வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டிய துண்டு மிகச் சிறியது. அந்தச் சிறுமையை நம்பி மோசம் போன சம்பவம் ஒன்று ஏட்டில் இருக்கிறது. 1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி, வளைகுடாப் போரின்போது, சவுதி அரேபியாவின் தஹ்ரானில் நிறுத்தியிருந்த பேட்ரியட் ஏவுகணை அமைப்பு, பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது; 28 போர்வீரர்கள் மாண்டார்கள். அந்த அமைப்பின் கடிகாரம் காலத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. அதை விநாடியாக மாற்றுவதற்கு அது பெருக்கிக்கொண்ட 0.1 என்ற எண் 24 இரும இலக்கங்களில் வெட்டப்பட்டிருந்தது. நூறு மணி நேரம் இடைவிடாமல் ஓடியபின் அந்த வெட்டுத்துண்டு ஏறத்தாழ 0.34 விநாடியாக வளர்ந்துவிட்டது. ஒரு விநாடியில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாயும் பொருளுக்கு மூன்றிலொரு விநாடி என்பது அரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம்.

இதைவிட அமைதியான, எந்த மாணவரும் தம் மேசையிலேயே செய்து பார்க்கக்கூடிய பரிசோதனை ஒன்று உண்டு. ஒன்று, அரை, மூன்றிலொன்று, கால் என்று தலைகீழ் எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தத் தொகை எல்லையின்றி வளரும் என்பது கணிதத்தில் நிரூபணமான விஷயம். யந்திரத்தில் 24 இரும இலக்கங்கள் கொண்ட ஒற்றைத் துல்லிய எண்களால் அதைக் கூட்டிப் பாருங்கள். 15.4-ஐச் சற்றே தாண்டியதும், இருபது லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரத்துச் சொச்சமாவது உறுப்புக்குப் பிறகு, தொகை அப்படியே நின்றுபோகும். இன்னும் நூறு கோடி உறுப்புகளைக் கூட்டினாலும் அசையாது. சேர்க்கப்படும் உறுப்பு, தொகையின் கடைசி இலக்கத்தில் பாதி அளவுக்கும் கீழே இறங்கிவிட்டதே காரணம். அதே உறுப்புகளைச் சிறியதிலிருந்து பெரியதை நோக்கிக் கூட்டினால் வேறு விடை, முந்தியதிலும் மேலான விடை, கிடைக்கும். கூட்டலில் வரிசை பொருட்டன்று என்று நான்காம் வகுப்பில் கற்ற விதி யந்திரத்தின் வாயிலில் தன் அதிகாரத்தை இழந்துவிடுகிறது.

இந்த அற்ப வேறுபாடுகள் எப்போதும் தொல்லையாகவே முடியும் என்பதும் இல்லை. 1961-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்ட் லோரென்ஸ், எல்ஜிபி-30 என்ற மேசையளவு யந்திரத்தில் பன்னிரண்டு மாறிகள் கொண்ட ஒரு கற்பனை வானிலையை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள், முன்பு கண்ட ஒரு பகுதியை மறுபடி விரிவாகப் பார்க்க எண்ணி, தாளில் அச்சாகியிருந்த எண்களையே ஆரம்ப நிலையாகக் கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். யந்திரத்தின் நினைவில் இருந்தது 0.506127; தாளில் இடம் கருதி அச்சானது 0.506. திரும்பி வந்து பார்த்தபோது, புதிய வானிலை பழையதோடு சிறிது தூரம் ஒட்டிச் சென்று, பிறகு விலகி, கடைசியில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிருந்தது. யந்திரத்தில் ஏதோ பழுது என்றுதான் அவரும் முதலில் நினைத்தார். அந்த நினைப்போடு நின்றிருந்தால் பழுதுபார்ப்பவரை அழைத்து முடித்திருப்பார். அவரோ எந்த இலக்கத்திலிருந்து வேறுபாடு தொடங்குகிறது என்று இரு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1963-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, ஒழுங்கின்மையைப் பற்றிய விஞ்ஞானத்துக்கு அஸ்திவாரமாயிற்று. அவருக்காக நிரல் எழுதி யந்திரத்தை இயக்கிய எல்லன் ஃபெட்டர், மார்கரெட் ஹாமில்டன் என்னும் இரு பெண்மணிகளின் பெயர்கள் கட்டுரைகளின் நன்றியுரையோடு நின்றுவிட்டன. ஹாமில்டன் பின்னாளில் அப்போலோ விண்கலத்தின் நிரல்களை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

இனி, எப்படிக் கற்பது என்பதற்கு வருகிறேன். நம் பாடநூல்கள் ஒரு மொழியைக் கற்பிக்கத் தொடங்கியதும் மாறிகளின் வகைகளைச் சொல்கின்றன, பிறகு நிபந்தனைகள், பிறகு சுழல்கள், பிறகு செயற்கூறுகள். இடையிடையே மூன்று எண்களில் பெரியதைக் கண்டுபிடி என்பதுபோன்ற, எந்த விஞ்ஞானிக்கும் வாழ்நாளில் தேவைப்படாத பயிற்சிகள். இந்த வரிசையை நான் ஏற்பதில்லை. விஞ்ஞான மாணவர் தம் துறையிலிருந்தே, விடை வேறொரு வழியில் ஏற்கெனவே தெரிந்திருக்கும் ஒரு சிறு கணக்கை எடுத்துக்கொண்டு, அதற்குத் தேவையான இலக்கணத்தை மட்டும் அவ்வப்போது கற்றுக்கொள்வதே உத்தமம். ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன்.

சுருள்வில்லில் கட்டிய ஓர் எடை முன்னும் பின்னும் ஆடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பிலேயே இதன் விடை தெரியும்: சைன் வளைவு; ஆற்றல் மாறாது. இப்போது யந்திரத்திடம் இதைச் சிறு சிறு காலப்படிகளாக நடத்தச் சொல்லுங்கள். அலகுகளைப் பொருத்தமாக வைத்துக்கொண்டால் நிரலின் உயிர் இரண்டே வரிகள்: 'இடம் = இடம் + 0.1 × வேகம்', அடுத்து 'வேகம் = வேகம் − 0.1 × இடம்'. இவை சுழலுக்குள் திரும்பத் திரும்ப நடக்கும். சிரத்தையுள்ள மாணவர் இங்கே ஒரு குறையைக் காண்பார். இரண்டாம் வரியில் வரும் 'இடம்' முதல் வரியில் மாற்றப்பட்டுவிட்ட புதிய இடம். பாடநூலிலுள்ள ஆய்லரின் முறைப்படியோ பழைய இடமும் பழைய வேகமும்தான் வரவேண்டும். கணிதத்தில் இரு சமன்பாடுகளும் ஏககாலத்தில் நிற்பவை. நிரலில் ஒன்று முன், ஒன்று பின். ஆகவே அவர் பழைய இடத்தைத் தனியே ஒரு மாறியில் பத்திரப்படுத்தி, சூத்திரத்துக்குச் சற்றும் வழுவாமல் திருத்தி எழுதுவார்.

எழுதி ஓட்டிப் பார்த்தால் எடை வெறிகொண்டதுபோல ஆடும். ஒவ்வொரு படியிலும் ஆற்றல் 1.01 மடங்காகிறது, ஓர் ஊசலுக்கு ஏறத்தாழ 63 படிகள், ஒரே ஊசலில் ஆற்றல் 1.87 மடங்கு, பத்து ஊசல்களில் ஐந்நூறு மடங்குக்கு மேல். படியைப் பத்தில் ஒரு பங்காக்கி 0.01 என்று வைத்தாலும் நோய் தீராது, தாமதமாகும். பத்தாவது ஊசலின் முடிவில் அதே 1.87 மடங்கு வந்து நிற்கும். இதற்கு மாறாக, அந்தக் குறையைக் கவனிக்காமல் இரண்டு வரிகளையும் அலட்சியமாக அடுத்தடுத்து எழுதிவிட்ட பக்கத்து மாணவரின் நிரலில், ஆற்றல் நூற்றுக்கு ஐந்து வீதம் ஏறியும் இறங்கியும் அலைந்தாலும் ஒருபோதும் எல்லை மீறுவதில்லை. ஆயிரம் ஊசல்களுக்குப் பிறகும் எடை தன் வரம்புக்குள்ளேயே ஆடிக்கொண்டிருக்கும். அவர் தம்மையறியாமல் எழுதியது, வான்கோள்களின் பாதையையும் திரவங்களின் மூலக்கூறு இயக்கத்தையும் கணக்கிடுவோர் போற்றும் முறைகளின் இனத்தைச் சேர்ந்தது. 1967-இல் லூப் வெர்லே என்ற பிரெஞ்சு அறிஞர் 864 ஆர்கான் அணுக்களின் இயக்கத்தைக் கணக்கிடக் கையாண்டதும் அந்த இனத்து முறையே.

இந்தப் பயிற்சியில் சுழல் வந்துவிட்டது, மாறி வந்துவிட்டது, மதிப்பை ஏற்றுவதில் வரிசை எவ்வளவு முக்கியம் என்பதும் வந்துவிட்டது. வரைபடம் போடக் கற்பதற்கும் அவசியம் தானே நேர்ந்துவிட்டது. இவற்றையெல்லாம்விட மேலாக, சூத்திரத்தை வழுவாமல் எழுதியது தவறான விடையைத் தரவும், வழுவியது சரியான விடையை நெருங்கவும் கூடும் என்பதை மாணவர் பிரத்தியட்சமாகக் காண்கிறார். எந்த நிரல்மொழியின் எந்தப் பிழைச்செய்தியும் இதை அவருக்குச் சொல்லியிராது, ஏனென்றால் இரண்டு நிரல்களும் இலக்கணச் சுத்தமானவை. ஆற்றல் மாறாது என்ற பௌதிக அறிவு ஒன்றுதான் சொல்லும்.

மொழிகளைப் பற்றி வாக்களித்த ஐந்து நிமிஷத்தை இப்போது செலவிடுகிறேன். தொடங்குகிறவருக்குப் பைதான் போதும். விலையில்லை, துணை நூல்கள் ஏராளம், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் தெரிந்திருக்கும். அதில் வரிசைப்பட்டியல் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும், ஃபோர்ட்ரானிலும் ஜூலியாவிலும் ஒன்றிலிருந்து. ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது இதில் இடறாதவர் அரிது. சுழல்களுக்குள் நுண்கணக்கு பெருகிப் பைதான் தளரும் நிலை வந்தபின், ஃபோர்ட்ரானோ சி++ மொழியோ கற்கலாம். எளிமைக்கு ஒரு மொழி, வேகத்துக்கு ஒரு மொழி என்ற இந்த இரட்டைக் குடித்தனத்தை ஒழிப்பதற்கென்றே 2012-இல் வெளியிடப்பட்ட ஜூலியாவையும் முயன்று பார்க்கலாம். பெரிய அணிகளைக் கையாள்பவர், ஃபோர்ட்ரான் அவற்றை நினைவகத்தில் நெடுவரிசையாக அடுக்குகிறது, சி மொழி கிடைவரிசையாக அடுக்குகிறது என்பதை அறிந்து அதற்கேற்பச் சுழல்களை அமைக்காவிட்டால் வேகம் வெகுவாகக் குன்றும். இவ்வளவுதான்.

நிரலைக் கேட்டவுடனே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட பிறகு இதையெல்லாம் கற்பானேன் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அட்டையில் எந்தப் பத்தியில் துளையிடுவது என்பதை இன்று யாரும் கற்பதில்லை, கற்காததால் நஷ்டமும் இல்லை. சுருள்வில்லின் கணக்கை அக்கருவிகளிடம் கேட்டால் இரண்டு விதமான நிரல்களில் எதுவும் வரலாம், இரண்டும் ஓடும். எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் வேலை பேக்கஸின் காலத்தில் மனிதனிடம் இருந்தது. இன்றும் அவனிடமே இருக்கிறது.

ஆதலால் இந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவினர் இங்கே அமர்ந்திருக்கும்போதே ஒரு விண்ணப்பத்தை வைத்துவிடுகிறேன். நிரல்மொழித் தேர்வை இன்றும் பல இடங்களில் மூன்று மணி நேரம் தாளில் எழுதச் சொல்கிறோம். அரைப்புள்ளி விடுபட்டால் அரை மதிப்பெண் குறைக்கிறோம். அதற்குப் பதிலாக மாணவரை யந்திரத்தின் முன் அமர்த்தி, ஓடிக்கொண்டிருக்கும், பார்வைக்குப் பிழையேதுமற்ற ஒரு நிரலை அவர் கையில் கொடுத்து, இதன் விடையை நம்பலாமா, நம்பலாகாது என்றால் எந்த ஆதாரத்தால், எந்தப் படியளவு வரை நம்பலாம் என்று கேளுங்கள். புத்தகங்களையும் இணையத்தையும் தாராளமாகப் பார்க்க விடுங்கள். திருத்துவதற்கு ஆசிரியர்களுக்கு இரட்டிப்புச் சிரமம் ஆகும் என்பதை நான் அறிவேன். முதல் ஆண்டில் இரண்டு பிரிவுகளுக்கு மட்டுமேனும் இதை நடத்திப் பார்க்க இசைந்தால், வினாக்களைத் தயாரித்துத் தருவதில் என்னால் இயன்ற ஒத்தாசையைச் செய்யச் சித்தமாக இருக்கிறேன்.